கையோடு போகிற ஸ்பேர் ஆம்ப்: எதைப் பார்த்து வாங்குவது?

திருவனந்தபுரம் கரமனையில் இருந்துகொண்டு பாட்டையும் வாத்தியத்தையும் நம்பி வாழ்கிறவருக்கு மேடை ஒரே மாதிரி அமைவதில்லை. ஒரு வாரம் அக்கிரஹாரத்தில் பஜனை. அடுத்த வாரம் ஏதாவது அம்பலத்தில் கானமேளா. அதற்கடுத்து நாகர்கோவிலில் ஒரு கல்யாண வரவேற்பு. ஓரிடத்தில் மைக்செட் அமர்க்களமாக இருக்கும். இன்னோரிடத்தில் ஒரு மைக்கும் ஒரு பழைய பெட்டியும்தான் இருக்கும்.

அதனால்தான் பலரும் கேட்கிறார்கள்: கையோடு எடுத்துப் போக, கனமில்லாத, சின்னதாக ஒரு ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் கருவியும் ஸ்பீக்கரும் சேர்ந்த பெட்டி) வாங்க வேண்டுமென்றால் எதைப் பார்த்து வாங்குவது?

சுருக்கமான பதில் இது. முதலில் எடை, அடுத்து பேட்டரி, அதற்கடுத்து உங்கள் வாத்தியத்துக்குப் பொருந்தும் துளை. வாட் கடைசியில்தான். கடைக்காரர் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் சொல்லுவார். ஏன் இந்த வரிசை என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மைக்செட்காரர் இருக்கும்போது எனக்கு எதற்குத் தனி ஆம்ப்?

நான்கு சமயங்களில் அது கை கொடுக்கும்.

ஒன்று, உங்கள் வழக்கமான ஆம்ப் மேடையில் பழுதாவது. கிதார், கீபோர்டு, பேஸ் வாசிப்பவர்களுக்கு இது அடிக்கடி வரும் சங்கடம்.

இரண்டு, கரண்ட் போவது. ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும்வரை மேடை மௌனமாகிவிடும்.

மூன்று, நீங்கள் வாசிப்பது உங்கள் காதிலேயே விழாமல் போவது. கூட்டத்தைப் பார்த்துப் பெரிய பெட்டிகள் முழங்கும். மேடையில் உட்கார்ந்திருப்பவருக்குச் சுருதிகூடக் கேட்காது. பக்கத்தில் சின்ன ஆம்ப் ஒன்று இருந்தால் அதுவே உங்களுடைய மானிட்டர் (கலைஞர் தன் ஒலியைத் தானே கேட்க வைக்கும் ஸ்பீக்கர்).

நான்கு, மைக்செட்டே இல்லாத இடம். சீமந்தம், சஷ்டியப்தபூர்த்தி, கொலு என்று வீட்டுக் கூடத்தில் நடப்பவை.

இதில் உங்களுக்கு எது அடிக்கடி நேர்கிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள். நான்குக்கும் ஒரே பெட்டியைத் தேடினால் பத்துப் பதினைந்து கிலோவில் போய் நிற்பீர்கள். கார் டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னியைப் போலத்தான் ஸ்பேர் ஆம்ப்பும். வீட்டில் விட்டுவிட்டு வந்தால் பயனில்லை.

ஆம்ப் இல்லாமலே சமாளிக்க முடியாதா?

சில சமயம் முடியும். மைக்செட் நன்றாக வேலை செய்து, உங்கள் ஆம்ப் மட்டும் போய்விட்டால், ஒரு டி.ஐ. பாக்ஸ் (வாத்தியத்தின் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சின்னப் பெட்டி) போதும். உள்ளங்கையளவுதான் இருக்கும். அதைச் சொருகி நேரே மிக்ஸருக்குக் கொடுத்துவிடலாம். ஆம்ப் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இது பையில் கிடக்கட்டும்.

இடமே ஒலியைப் பார்த்துக்கொள்வதும் உண்டு. பத்மநாபசுவாமி கோயிலை ஒட்டிய நவராத்திரி மண்டபத்துக்குப் போனவர்கள் உத்தரத்தில் கவிழ்த்துக் கட்டிய மண்பானைகளைப் பார்த்திருப்பீர்கள். ஒலி நன்றாகப் பரவுவதற்காகச் செய்த ஏற்பாடு அது. நீலகண்ட சிவன் (1839–1900) கரமனையில் பாடி வாழ்ந்த காலத்தில் மைக்கே கிடையாது. சின்னக் கூடத்தில் இருபது முப்பது பேர் அமைதியாக உட்கார்ந்து கேட்கும் கச்சேரிக்கு, வாய்ப்பாட்டுக்கும் வயலினுக்கும் இன்றும் ஆம்ப் வேண்டியதில்லை. வீணைக்கு வேண்டியிருக்கலாம். எலக்ட்ரிக் கிதாருக்கும் கீபோர்டுக்கும் கட்டாயம் வேண்டும்.

எத்தனை கிலோவரை தூக்கலாம்?

ஒரு கையில் வாத்தியம் இருக்கும். அதனால் மறு கைக்கு எட்டும் எடைதான் கணக்கு. கிழக்கேகோட்டையில் இறங்கி, கூட்டத்தில் நடந்து, இன்னொரு பஸ் ஏறுகிறவருக்கு ஐந்து கிலோவே அதிகம். ஆட்டோவில் போகிறவர் ஏழு எட்டு கிலோவரை சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் ஆம்ப் எடுக்க மனம் வராது. இரண்டு மாதத்தில் அது கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

கடையில் மேஜைமேல் இருக்கும்போது எல்லாப் பெட்டியும் லேசாகத்தான் தெரியும். உங்கள் வாத்தியத்தையும் கொண்டுபோங்கள். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஆம்பை மறு கையில் பிடித்து, கடையின் மாடிப்படியை ஒருமுறை ஏறி இறங்கிப் பாருங்கள். கைப்பிடி விரலை அறுக்கிறதா, பெட்டியின் மூலை முழங்காலில் இடிக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

முன்பு அவ்வளவு கனமாக இருந்த ஆம்ப் இப்போது எப்படி லேசானது?

மூன்று காரணம். முன்பு உள்ளே இரும்பும் செம்புக் கம்பியும் சுற்றிய பெரிய டிரான்ஸ்ஃபார்மர் இருந்தது. இப்போது எஸ்.எம்.பி.எஸ். (மின்சாரத்தை மிக வேகமாக விட்டுவிட்டுச் செலுத்தி மாற்றும் சின்ன சப்ளை) வந்துவிட்டது. செல்போன் சார்ஜருக்குள் இருப்பதும் இந்த வகைதான்.

இரண்டாவது, கிளாஸ்-டி ஆம்ப்ளிஃபயர். பழைய வகையில் மின்சாரத்தில் கணிசமான பங்கு சூடாகவே வீணாகும். அந்தச் சூட்டை வெளியேற்றக் கனமான அலுமினியத் தகடு தேவைப்பட்டது. கிளாஸ்-டி வகை வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியை ஒலிக்கே கொடுத்துவிடும். எடையும் குறைகிறது, பேட்டரியும் நீடிக்கிறது.

மூன்றாவது, ஸ்பீக்கரின் காந்தம். பழைய ஃபெரைட் காந்தத்துக்குப் பதில் நியோடைமியம் காந்தம் போட்டால் அதே பலத்துக்கு எடை மிகவும் குறையும்.

எவ்வளவு வித்தியாசம்? ரோலண்ட் கம்பெனி 1975இல் கொண்டுவந்த ஜே.சி.-120 கிதார் ஆம்ப் சுமார் 28 கிலோ. அதே கம்பெனியின் மைக்ரோ கியூப் ஜி.எக்ஸ். சுமார் 2.7 கிலோ, வெறும் 3 வாட். நடுவே ஏ.சி.-33 ஐந்து கிலோவுக்குச் சற்றுக் குறைவு, கியூப் ஸ்ட்ரீட் ஐந்து கிலோவுக்குச் சற்று மேல், கியூப் ஸ்ட்ரீட் ஈ.எக்ஸ். ஏழரை கிலோவை ஒட்டி. போஸ் எஸ்1 புரோவும் ஏழு கிலோவை ஒட்டித்தான். இவற்றைத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. ஸ்ட்ரேஞ்சர், அகுஜா போன்ற நம் நாட்டுக் கம்பெனிகளும் சின்னப் பெட்டிகள் செய்கின்றன. எந்த எடையில் என்ன கிடைக்கும் என்ற அளவுகோலுக்காகவே இந்தப் பெயர்கள்.

அப்படியானால் வாட் முக்கியமில்லையா?

முக்கியம்தான். ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை. வாட்டை இரட்டிப்பாக்கினால் ஒலி இரட்டிப்பாகாது. 3 டெசிபல் (ஒலி அளவின் அலகு) மட்டும் கூடும். காதுக்கு ‘கொஞ்சம் கூடியிருக்கிறது’ என்று தோன்றும், அவ்வளவுதான். இரண்டு மடங்கு உரக்கக் கேட்பதுபோல் தோன்ற, ஏறத்தாழ பத்து மடங்கு வாட் வேண்டும்.

தூரமும் சேர்ந்துகொள்ளும். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவையும் 6 டெசிபல் குறையும். ஒரு கணக்கு போடுவோம். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 90 டெசிபல் தரும் ஸ்பீக்கர் என்று வையுங்கள். 10 வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் 100 டெசிபல். எட்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்கு 82 டெசிபல். அதே ஸ்பீக்கருக்கு 20 வாட் கொடுத்தால் அவருக்கு 85. அவ்வளவுதான் வித்தியாசம்.

சாதாரணப் பேச்சு ஒரு மீட்டரில் சுமார் 60 டெசிபல். ஆகவே அமைதியான வீட்டுக் கூடத்தில் 82 டெசிபல் தாராளம். கல்யாண மண்டபத்தில் பந்தி நடக்கும்போது பற்றாது. வீட்டுக்கும் மானிட்டருக்கும் 5 முதல் 15 வாட், சின்ன மண்டபத்துக்கு 30 முதல் 50 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். கோயில் வளாகத்துக்கு எந்தச் சின்னப் பெட்டியும் உதவாது. அங்கே மைக்செட்தான்.

அட்டைப்பெட்டியில் ‘பி.எம்.பி.ஓ. 1000 வாட்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் அதை விட்டுவிடுங்கள். கண்ணிமைக்கும் நேரத்து உச்சத்தைக் கணக்கில் காட்டும் விளம்பர எண் அது. ‘ஆர்.எம்.எஸ்.’ (தொடர்ந்து தரக்கூடிய சராசரி) எவ்வளவு என்று கேளுங்கள். பேட்டரியில் ஓடும்போது எவ்வளவு என்றும் கேளுங்கள். சில மாடல்களில் பேட்டரிக்கு மாறினால் வாட் குறைந்துவிடும்.

என் வாத்தியத்துக்கு எவ்வளவு பெரிய ஸ்பீக்கர் வேண்டும்?

வாத்தியத்தின் மிகத் தாழ்ந்த ஸ்வரத்தைப் பாருங்கள். கிதாரின் தடித்த கம்பி சுமார் 82 ஹெர்ட்ஸ் (ஒரு நொடியில் எத்தனை அதிர்வு என்ற எண்ணிக்கை). பேஸ் கிதாரின் தடித்த கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸ். மூன்று கட்டையில் சுருதி சேர்த்த வீணையின் அனுமந்தரக் கம்பி 60 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேல்.

நான்கைந்து அங்குல ஸ்பீக்கர் இவ்வளவு தாழ்ந்த ஒலியைக் கொண்டுவராது. வாய்ப்பாட்டு, வயலின், புல்லாங்குழல், மாண்டலின் இவற்றுக்கு ஐந்து அல்லது ஆறரை அங்குலம் போதும். வீணைக்கும் கீபோர்டுக்கும் எட்டு அங்குலம் இருந்தால் நல்லது. ஐந்து அங்குலத்தில் வீணை ஸ்வரமாகக் கேட்கும், ஆனால் அந்த கார்வை இருக்காது. பேஸ் கிதாருக்குச் சாதாரணக் கிதார் ஆம்பைக் கொடுக்காதீர்கள். சத்தத்தைக் கூட்டினால் ஸ்பீக்கர் கிழியும். பேஸ் வாசிப்பவருக்கு டி.ஐ. பாக்ஸே சிறந்த ஸ்பேர்.

இன்னொரு விஷயம். ‘கிதார் ஆம்ப்’ என்று விற்பவை எலக்ட்ரிக் கிதாருக்கென்று ஒலியைக் கொஞ்சம் மாற்றித் தரும். குரலை அதில் கொடுத்தால் போர்வைக்குள்ளிருந்து பேசுகிறமாதிரி கேட்கும். பாட்டு, வீணை, கீபோர்டு என்றால் ‘அக்கூஸ்டிக் ஆம்ப்’ அல்லது ‘கீபோர்டு ஆம்ப்’ என்று கேட்டு வாங்குங்கள்.

பின்னால் இத்தனை துளைகள் இருக்கின்றனவே, எது எனக்கு?

வாத்தியத்துக்கான தடித்த ஒற்றை ஜாக்கைக் கடையில் ‘பி-38 பின்’ என்பார்கள். மைக்குக்கானது மூன்று முள் கொண்ட வட்டமான எக்ஸ்.எல்.ஆர். செல்போனுக்கானது மெல்லிய ஜாக். வாங்கும் ஆம்பில் குறைந்தது ஒரு பி-38, ஒரு எக்ஸ்.எல்.ஆர்., இரண்டுக்கும் தனித்தனி வால்யூம் இருக்கட்டும். பாடிக்கொண்டே வாசிக்கிறவருக்கும், பக்கவாத்தியக்காரர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளவும் அது உதவும்.

வீணை, வயலின், கடம் இவற்றில் காண்டாக்ட் மைக் ஒட்டி வாசிப்பவர்கள் இதைக் கவனியுங்கள். அது பெரும்பாலும் பீசோ (அதிர்வை மின்சாரமாக மாற்றும் சின்ன வில்லை) வகை. மைக் துளையில் நேரே சொருகினால் தகரத்தில் தட்டியதுபோல ஒல்லியாகக் கேட்கும். குறை வாத்தியத்திலும் இல்லை, ஆம்பிலும் இல்லை. பீசோவுக்கு ஒரு மெகா ஓம் அளவுக்கு உள்ளீட்டுத் தடை உள்ள துளை வேண்டும். அக்கூஸ்டிக் ஆம்பின் வாத்தியத் துளை பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். இல்லையென்றால் நடுவே ஒரு சின்ன பிரீஆம்ப் (சிக்னலை முதலில் சீராக்கித் தருவது) போட வேண்டும்.

கண்டென்சர் மைக் வைத்திருந்தால் ‘ஃபாண்டம் பவர்’ (மைக் கேபிள் வழியாகவே போகும் 48 வோல்ட்) இருக்கிறதா என்று பாருங்கள். சின்ன ஆம்புகள் பலவற்றில் இராது. மேடையில் சாதாரணமாகக் கையில் பிடித்துப் பாடும் டைனமிக் மைக்குக்கு அது வேண்டியதில்லை.

‘லைன் அவுட்’ இருந்தால் விடாதீர்கள். ஆம்ப் உங்கள் பக்கத்தில் மானிட்டராக இருக்கும். அதே ஒலி ஒரு கேபிளில் மைக்செட்காரரின் மிக்ஸருக்கும் போகும். ஒரு பெட்டி இரண்டு வேலை செய்கிறது.

புளூடூத் இருக்கிறதே, கேபிள் எதற்கு?

வாத்தியத்துக்கும் குரலுக்கும் சாதாரண புளூடூத் ஒத்துவராது. ஒலி ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ பிந்தி வரும். நீங்கள் மீட்டியதும் ஸ்பீக்கரில் வருவதும் இரண்டு தாளமாகிவிடும்.

ஆனால் சுருதிக்கு அது நல்ல வசதி. தம்புராவுக்குத் தாளக் கணக்கு இல்லை. பிந்தி வந்தாலும் தெரியாது. செல்போன் தம்புராவை புளூடூத்தில் விட்டு, மைக்கையும் வாத்தியத்தையும் கேபிளில் கொடுக்கலாம். போனை ஃபிளைட் மோடில் போட்டு, புளூடூத்தை மட்டும் திரும்ப ஆன் செய்யுங்கள். ஆலாபனை நடுவே ரிங்டோன் வராது.

பேட்டரியில் எந்த வகை நல்லது?

மூன்று வகை உண்டு. பென்சில் பேட்டரி போடும் ஆம்ப், உள்ளேயே லித்தியம் பேட்டரி உள்ள ஆம்ப், 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி உள்ள பெட்டி.

வெளியூர் போகிறவருக்கு பென்சில் பேட்டரி வகையே நிம்மதி. எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். ஆறோ எட்டோ போட வேண்டியிருக்கும். ரீசார்ஜ் பேட்டரியில் 1.5 வோல்ட்டுக்குப் பதில் 1.2 வோல்ட்தான் இருக்கும். ரீசார்ஜ் வகையைப் போடலாமா என்று ஆம்பின் குறிப்புப் புத்தகத்தில் பாருங்கள். கச்சேரி முடிந்ததும் பேட்டரிகளைக் கழற்றிவிடுங்கள். ஒழுகினால் உள்ளே இருக்கும் தகடு பச்சை பூத்து அரித்துப்போகும்.

லித்தியம் லேசு, நன்றாக ஓடும். ஆனால் அதன் பேட்டரியை நீங்களே மாற்ற முடியுமா, தனியாகக் கிடைக்குமா என்று வாங்கும்போதே கேளுங்கள். மாதக்கணக்கில் சும்மா இருக்கப் போகிறதென்றால் பாதி சார்ஜில் வைத்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் போடுங்கள். லெட்-ஆசிட் இதற்கு நேர்மாறு. எப்போதும் முழு சார்ஜில் இருக்க வேண்டும். கனமும் அதிகம், அதனால் ஸ்பேருக்கு அது கடைசித் தேர்வு.

எவ்வளவு நேரம் ஓடும்? பேட்டரியின் வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்குங்கள். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி என்றால் 84 வாட்-மணி. ஆம்ப் சராசரியாக 15 வாட் இழுத்தால் ஏட்டுக் கணக்கில் ஐந்தரை மணி நேரம். நடைமுறையில் மூன்று மணி என்று வைத்துக்கொண்டால் நடுவில் ஏமாற மாட்டீர்கள்.

ஜெனரேட்டரில் ஓடும் மேடையில் ஆம்ப் எரிந்துவிடுமோ?

பயம் நியாயமானதுதான். உற்சவத்துக்கென்று தற்காலிகமாக இழுத்த வயரிங்கில் நியூட்ரல் விட்டுப்போனால், 230 வோல்ட் வர வேண்டிய பிளக்கில் 400ஐ நெருங்கிய வோல்ட்டேஜ்கூட வரலாம். எந்த ஆம்பும் தாங்காது. மேடை பல்புகள் சட்டென்று அதிகமாகப் பிரகாசித்தாலோ மங்கினாலோ உடனே பிளக்கைப் பிடுங்கி, பேட்டரிக்கு மாறிவிடுங்கள்.

சாதாரண ஏற்ற இறக்கத்துக்கு அடாப்டரில் எழுதியிருப்பதைப் பாருங்கள். ‘100–240 வோல்ட்’ என்று இருந்தால் 180க்கு இறங்கினாலும் ஓடும். ‘230 வோல்ட்’ என்று மட்டும் இருந்தால் கொஞ்சம் கவனம் தேவை.

இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. பாடும்போது மைக்கில் உதடு பட்டு சுரீர் என்றால் எங்கோ எர்த் சரியில்லை. கிதார் கம்பியைப் பிடித்தபடி மைக்கைத் தொடுகிறவருக்கு இது ஆபத்து. ‘கொஞ்சமாகத்தான் அடிக்கிறது’ என்று தொடராதீர்கள். மைக்செட்காரரிடம் சொல்லிச் சரிசெய்த பிறகு பாடுங்கள். ‘ஹம்மிங்’ நிற்கட்டும் என்று மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை உடைப்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் பொருளில் அதைச் செய்யவிடாதீர்கள்.

மேடையில் எங்கே வைப்பது?

தரையில் வைத்தால் தாழ்ந்த ஒலி கூடி, எல்லாம் குழம்பிக் கேட்கும். கச்சேரியில் நாம் தரையில் உட்காருகிறோம். காது இரண்டரை அடி உயரத்தில் இருக்கிறது. ஒரு மணைமேல் ஆம்பை வைத்து, முன்பக்கத்தைக் கொஞ்சம் நிமிர்த்தி, முகத்தைப் பார்க்கும்படி ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். பாதி வால்யூமில் தெளிவாகக் கேட்கும்.

மைக் விசிலடித்தால் (ஸ்பீக்கரின் ஒலி திரும்ப மைக்கில் புகுந்து ஊளையிடுவது) வால்யூமில் கை வைப்பதற்கு முன் இடத்தை மாற்றுங்கள். மேடை மைக்குகள் பெரும்பாலும் முன்பக்கத்து ஒலியை நன்றாகவும் பின்பக்கத்து ஒலியை மிகக் குறைவாகவும் வாங்கும். மைக்கின் வால் ஆம்பைப் பார்க்கட்டும். வீணைக் காண்டாக்ட் மைக் குடத்தில் ‘பூம்’ என்று அதிர்ந்தால் ஆம்பின் ‘ஃபேஸ்’ பட்டனை ஒருமுறை மாற்றிப் பாருங்கள். பல சமயம் அதிலேயே அடங்கிவிடும்.

இரண்டு மழைக்காலம் உள்ள ஊரில் எப்படிப் பாதுகாப்பது?

திருவனந்தபுரத்தில் இடவப்பாதியும் உண்டு, துலாவர்ஷமும் உண்டு. ஈரக்காற்றில் முதலில் கெடுவது ஜாக் துளைகளும் வால்யூம் குமிழ்களும். வாரம் ஒருமுறை எல்லாக் குமிழையும் இரு கோடிவரை பத்துத் தடவை திருகி, கால் மணி நேரம் ஆம்பை ஓடவிடுங்கள். பையில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் போட்டு வையுங்கள். நனைந்த ஆம்பை ஆன் செய்து பார்க்காதீர்கள். பேட்டரியைக் கழற்றி, நன்றாகக் காயவிட்டுப் பிறகு பாருங்கள்.

சின்ன ஆம்புக்கும் சத்தக் கட்டுப்பாடு உண்டா?

உண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் பெட்டியின் அளவைப் பார்ப்பதில்லை. இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை திறந்த இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. மண்டபம், அரங்கம்போல் மூடிய இடத்தில் உள்ளே மட்டும் கேட்கும்படி வைக்கலாம். பண்டிகை, கலை நிகழ்ச்சிகளுக்கு வருடத்தில் சில நாள், 15க்கு மிகாமல், நள்ளிரவுவரை மாநில அரசு தளர்த்தலாம். குடியிருப்புப் பகுதியின் அளவு பகலில் 55, இரவில் 45 டெசிபல். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாகலாம். அங்கே இன்னும் குறைவு. வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும் தெருவில் திண்ணைக் கச்சேரி என்றால் ஸ்பீக்கர் உள்பக்கம் பார்க்கட்டும்.

விமானத்தில் கொண்டுபோக முடியுமா?

வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்கள் பேட்டரியில் எழுதியுள்ள வாட்-மணியைப் பாருங்கள். 100க்குள் இருந்தால் பொதுவாகக் கைப்பையில் கொண்டுபோகலாம். 100 முதல் 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதற்கு மேல் பயணியின் பையில் அனுமதி இல்லை. கழற்றிய லித்தியம் பேட்டரியைச் செக்-இன் பெட்டியில் போடவே கூடாது. பென்சில் பேட்டரி ஆம்புக்கு இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை.

செகண்ட் ஹாண்ட் வாங்கலாமா?

தாராளமாக. ஆனால் வாங்குமுன் கால் மணி நேரம் செலவிடுங்கள். ஒன்றும் சொருகாமல் ஆன் செய்து முழு வால்யூம் வையுங்கள். லேசான ‘ஸ்ஸ்’ பரவாயில்லை, ‘ம்ம்ம்’ என்று உறுமினால் பழுது. ஒவ்வொரு குமிழையும் மெதுவாகத் திருகுங்கள். கரகரப்பு வந்தால் சுத்தம் செய்ய வேண்டியது, ஒலி விட்டுவிட்டு வந்தால் மாற்ற வேண்டியது. ஜாக்கைச் சொருகி லேசாக ஆட்டுங்கள். சிக்னல் போய்ப்போய் வந்தால் உள்ளே பற்றவைப்பு விட்டிருக்கிறது. வலை கழற்ற வருமானால், ஆஃப் செய்துவிட்டு, ஸ்பீக்கர் காகிதத்தை இரண்டு பக்கமும் விரல் வைத்து மெல்ல உள்ளே அழுத்துங்கள். உரசும் சத்தம் கேட்டால் வேண்டாம். கடைசியாக, பேட்டரியில் போட்டு நீங்களே ஒரு வர்ணம் முழுக்க வாசித்துப் பாருங்கள்.

முடிவாக, நான் எதை வாங்க?

வாய்ப்பாட்டு, பஜனை, வயலின், புல்லாங்குழல்: ஐந்து கிலோவை ஒட்டிய, பேட்டரியில் ஓடும், மைக் துளையும் வாத்தியத் துளையும் உள்ள அக்கூஸ்டிக் ஆம்ப்.

வீணை, கீபோர்டு: எட்டு அங்குல ஸ்பீக்கர், 30 முதல் 50 வாட், லைன் அவுட் உள்ளது. ஏழெட்டு கிலோவைத் தாண்ட வேண்டாம்.

எலக்ட்ரிக் கிதார்: மூன்று கிலோவுக்குள் கிடைக்கும் சின்ன ஆம்ப்; கூட்டம் பெரிதென்றால் அதன் முன் ஒரு மைக் வைத்தால் போதும்.

பேஸ் கிதார்: டி.ஐ. பாக்ஸ். மீதிப் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

எதை வாங்கினாலும் அதன் பையிலேயே ஒரு கூடுதல் கேபிளும் ஒரு செட் பேட்டரியும் ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியும் நிரந்தரமாக இருக்கட்டும். மேடையில் ஒலி நின்றுபோனால் பல சமயம் அது கேபிள் பழுதுதான். அதற்கு ஆம்ப் மாற்ற வேண்டியதில்லை, முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.